முப்பது நாள் அறிவித்தல்

1978 மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கொஞ்சம் முன்னால், மூதூரில் ஒரு பள்ளிவாசலின் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மூதூர் – திருகோணமலை பயணிகள் படகான லோஞ்சின் எஞ்சின் டிறைவர் அபூதாஹிர், வயது முப்பத்தாறு, மனைவி ஒருவர் உள்ளவர், கிண்ணியா சரீப்பின் மகள் ஸுல்பிகாவை மணமுடிக்க எண்ணியிருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. கீழே முஸ்லிம் கல்யாண வழக்குகளை விசாரிக்கும் காதியாரின் கையெழுத்து. இரண்டாம் கல்யாணம் செய்கிறவர் முப்பது நாளுக்கு முன்னால் காதியாரிடம் அறிவிக்க வேண்டும், அவர் அதைப் பள்ளிகளில் ஒட்டுவிக்க வேண்டும் என்பது சட்டம். கிண்ணியாவிலும் அதே தாள் ஒட்டப்பட்டிருந்தது.

வாசித்தவர்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவன் மனைவி ஸாலிஹாவுக்கு ஒன்பது வருடமாகப் பிள்ளையில்லை என்பது ஊருக்குத் தெரியும்.

ஸாலிஹா அந்தத் தாளைப் பார்க்கப் போகவில்லை. அன்று பின்னேரம் அபூதாஹிர் லோஞ்சைக் கட்டிவிட்டு வந்தபோது வழக்கம்போல் சோறு போட்டாள். அந்த வீடு அவளுடையது. அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து சேருவான். அபூதாஹிரும் அப்படித்தான் கிண்ணியாவிலிருந்து வந்தவன்.

அவன் கை கழுவிய பிறகு அவள் சொன்னாள். "நான் தடுக்க மாட்டன். ஒரு விசயம் மட்டும் செய்யணும்."

"என்ன?"

"என்னய அஞ்சு டொக்டர் பாத்திரிக்காங்க. உங்கள ஒருத்தரும் பாக்கல்ல. இந்த முப்பது நாளுக்குள்ள நீங்களும் ஒருக்காக் காட்டுங்க."

"எனக்கென்ன? எனக்குக் காச்சல் கூட வாறல்ல."

"எனக்கும் காச்சல் வந்து ஆசுபத்திரிக்குப் போகல்ல."

திருகோணமலையில் இரண்டு தடவை, மட்டக்களப்பில் ஒரு தடவை, கண்டியில் இரண்டு தடவை அவளைக் காட்டியிருந்தார்கள். கண்டியில் இரண்டு முறையும் மயக்கமருந்து கொடுத்துக் கருப்பையைச் சுரண்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் குறை ஒன்றும் தெரியவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். குறை தெரியவில்லை என்றால் இன்னும் நல்ல டொக்டரைத் தேட வேண்டும் என்றுதான் இரண்டு குடும்பமும் நினைத்தது. அதுவே பெரிய பிழை. ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் அதை ஒருவரும் பிழையாகக் காணவில்லை. அபூதாஹிரின் உம்மா பரீதா ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் கேட்கும்படி, "கண்டுக்குட்டி போடாத மாட்டுக்கு எத்தின வருசம் வைக்கல் போடுற?" என்று கேட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை லோஞ்ச் திருகோணமலை ஜெட்டியில் ஆட்களை இறக்கியதும், பின்னேரத் தவணைக்கு லோஞ்ச் புறப்படும் வரை நேரம் இருந்ததால், அபூதாஹிர் ஆசுபத்திரிக்கு நடந்தான். முதலில் ஒரு சிறிய போத்தலைக் கொடுத்து ஓர் அறையைக் காட்டினார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து டொக்டர் ஞானசேகரம் அவனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பரிசோதித்தார். பிறகு கதிரையில் இருத்தினார்.

"விந்தில பிள்ளைக்கான உயிரணு ஒண்டுகூட இல்லை," என்றார். "குறைவு எண்டு சொல்லேல்லை. இல்லை."

அபூதாஹிர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு காரணம் இருக்கலாம். வாற வழி எங்கேயும் அடைபட்டிருக்கலாம். அப்பிடியெண்டால் ஒப்பரேசன் செய்து பாக்கலாம். இல்லாட்டில் பிறவியிலேயே அமைப்பு அப்பிடி இருக்கலாம். அதுக்கு மருந்தில்லை. எதெண்டு கொழும்பில ஒரு இடத்தில பாத்துச் சொல்லுவினம். கன்னத்தின்ர உள்பக்கத்தில கொஞ்சம் சுரண்டி அனுப்ப வேணும்."

"கன்னத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு, டொக்டர்?"

"பிறவியில அமைஞ்சது உடம்பு முழுக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். கன்னத்தில எடுக்கிறது லேசு."

எடுத்தவர் ஆசுபத்திரி லாப்பில் சோதனை வேலை செய்யும் குலசிங்கம். மூதூர்க்காரர்களை லோஞ்ச் நேரத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எப்போதும் அவசரப்படுகிற மனிதர். வாயைத் திறக்கச் சொன்னார், ஒரு சிறு தட்டைக் குச்சியால் கன்னத்தின் உட்பக்கம் சுரண்டினார், கண்ணாடித் தகட்டில் பூசினார், மருந்துத் தண்ணீரில் போட்டார். அபூதாஹிர் வெளியில் காத்திருந்த நேரத்தில் ஒரு வாய் வெற்றிலை போட்டுத் துப்பியிருந்தான். வாயைக் குழாய்த் தண்ணீரில் கொப்பளித்தது போதும் என்று அவனும் நினைத்தான், குலசிங்கமும் நினைத்தார்.

வீட்டில் அவன், "காட்டின. கொழும்புக்கு அனுப்பிரிக்காங்க," என்று மட்டும் சொன்னான். போத்தல் விசயத்தைச் சொல்லவில்லை. அடைபட்டிருந்தால் ஒப்பரேசன் செய்யலாம் என்ற ஒன்றை அவன் பிடித்துக்கொண்டான். எஞ்சினிலும் எண்ணெய்க் குழாய் அடைபடுவதுண்டு. கழற்றி ஊதினால் ஓடும்.

கொழும்பிலிருந்து பதில் வர இரண்டு கிழமை எடுத்தது. குலசிங்கம் ஜெட்டிக்கே வந்துவிட்டார்.

"தம்பி, கன்னத்தை அனுப்பச் சொன்னால் வெத்திலைத் தட்டத்தையே அனுப்பியிருக்கிறம்," என்றார். "சுண்ணாம்பும் பாக்குத் தூளும்தான் தெரியுதாம். கன்னத்தின்ர உயிரணுவைக் காணேல்லையாம். எனக்கும் ஒரு ஏச்சு எழுதியிருக்கினம்."

"அப்ப?"

"அப்ப என்ன, திரும்பவும் எடுக்க வேணும். மூண்டு நாளைக்கு வெத்திலை வாயில வைக்கப்படாது. மூண்டு நாள். ஏலுமோ?"

"பாப்பம்," என்றான் அபூதாஹிர்.

அவனுக்கு ஆறுதலாக இருந்தது. அதை அவன் தனக்கே மறைக்கவில்லை. அறிவித்தல் ஒட்டிப் பதினெட்டு நாள் போய்விட்டது. இன்னும் பன்னிரண்டு நாள். சோதனை சரிவரவில்லை என்று ஸாலிஹாவிடம் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். சொன்னதைச் செய்தான், காட்டினான். கிண்ணியாவில் கல்யாணம் முடியும். இரண்டு வீடு, முறை வைத்து இருப்பு. ஸாலிஹா அவனை விட்டுப் போக மாட்டாள், ஏனென்றால் பிழை தன்னுடையது என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கை இருக்கும் வரைக்கும்தான் அவள் இருப்பாள் என்பது அவனுக்கு அந்த ஜெட்டியில் நின்றபோதுதான் முதன்முதலாகத் தெளிந்தது. உண்மையில் அவனுக்கு இரண்டாவது பெண் வேண்டியிருக்கவில்லை. உம்மாவின் வாயை அடைக்க ஒப்புக்கொண்டான். அவனுக்கு வேண்டியவள் ஸாலிஹா. உண்மை தெரிந்தால், இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வேறு கல்யாணம் செய்து பிள்ளை பெறலாம்.

இரண்டு நாள் கழித்து, மூதூருக்கு ஒரு வேலையாக வந்திருந்த ஸுல்பிகாவின் வாப்பா சரீப் லோஞ்சில் ஏறினார். திருகோணமலைக் கடைவீதியில் துணி எடுக்கப் போகிறார். எஞ்சினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கே சத்தத்தில் மற்றவர்களுக்குக் கதை கேட்காது.

"மருமகன், ஒண்டு கேக்கன், கோவிக்கப்படா."

"கேளுங்க."

"டொக்டரிட்டக் காட்டினெண்டு கேள்விப்பட்டன். நல்ல வேல. எங்கட காலத்தில ஆம்பிள ஆரு காட்டினான்?" அவர் சிரித்தார். "எல்லாம் சரிதானே?"

கச்சான் காற்று எழும்பிக் கொட்டியார் குடாவின் தண்ணீர் சிறு சிறு அலையாக உடைந்துகொண்டிருந்தது. அபூதாஹிர் நெம்புகோலில் கை வைத்திருந்தான்.

"ஓம்," என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ். ஸுல்பிகாட உம்மாக்குத்தான் பயம். பத்தொன்பது வயசுப் புள்ள. நான் சொன்னன், அந்தப் பொண்ணுட குத்தம், ஊருக்கே தெரியுமெண்டு."

சரீப் துணியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். சாரி என்ன நிறத்தில் எடுப்பது என்று மருமகனிடமே கேட்டார். அபூதாஹிர் ஏதோ ஒரு நிறம் சொன்னான். ஜெட்டி வந்ததும் அவன் பின்னுக்கு எடுக்க மறந்து லோஞ்சை மரத்தூணில் இடித்தான். பதினொரு வருடத்தில் அவன் இடித்தது அதுதான் முதல் தடவை. ஒரு பெண்ணின் மரக்கறிக் கூடை கவிழ்ந்து கத்தரிக்காய் தளமெல்லாம் உருண்டது.

அன்று மத்தியானம் அவன் வெற்றிலைப் பையை வீட்டிலேயே விட்டுவிட முடிவு செய்தான்.

மூன்று நாளும் லோஞ்சில் அதுவே கதை. வாய் காய்ந்த டிறைவரை ஒருவரும் கண்டதில்லை. "புதுமாப்பிள பல்லு வெளுக்கிறாரு," என்றான் டிக்கட் கொடுக்கிற ஜெமீல். "கிண்ணியாப் பொண்ணு செவத்த வாயில முத்தம் வேணாமெண்டு சொல்லிட்டாளாம்." பின்னால் இருந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அபூதாஹிரும் சிரித்தான். ஸாலிஹா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் அவன் வாய்க்கு ஏலக்காய் எடுத்து வைத்தாள்.

"எனக்கு என்னத்துக்கெண்டு தெரியும்," என்றாள். "குலசிங்கம் ஐயா சொன்னதெண்டு ஜெட்டியில கேட்டவங்க வந்து சொன்னாங்க. நீங்க திரும்பப் போக மாட்டீங்கெண்டு நினைச்சன்."

இந்தத் தடவை குலசிங்கம் அவன் வாயைப் பஞ்சால் நான்கு முறை துடைத்தார், ஒவ்வொரு பஞ்சையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டொக்டர் ஞானசேகரம் கடிதத்தில் 'அவசரம்' என்று எழுதினார். நாலாம் நாள், ஜூன் முதலாந் தேதி, பதில் வந்தது.

டொக்டர் அவனை மட்டும் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார்.

"அடைப்பில்லை," என்றார். "எல்லாருக்கும் உடம்பின்ர ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் நாப்பத்தாறு சின்ன நூல் இருக்கும். தாயிட்ட இருந்து பாதி, தகப்பனிட்ட இருந்து பாதி. உங்களுக்கு ஒரு நூல் கூட. நாப்பத்தேழு. கன்னத்தில எடுத்ததில அந்தக் கூடின நூலின்ர அடையாளம் ஒரு கறுத்தப் புள்ளியாத் தெரியுது. அது இருக்கிற ஆக்களுக்குப் பிள்ளைக்கான உயிரணு உண்டாகாது."

"ஆருட பிழை? உம்மாடயா, வாப்பாடயா?"

"ஒருத்தற்ற பிழையுமில்லை. கருவாகேக்குள்ள அப்பிடி விழுந்திருக்கு. வேற எந்த நோவும் வராது. நல்லா வேலை செய்யலாம், வாழலாம்."

"அப்ப நான் ஆம்பிள இல்லையா?"

"ஆம்பிளைதான். அதில ஒரு சந்தேகமும் இல்லை. பிள்ளை மட்டும் கிடையாது."

"வேற கலியாணம் செஞ்சா?"

"ஆரைச் செய்தாலும்." டொக்டர் கடதாசியை அவன் பக்கம் தள்ளினார். "நான் ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன். குலசிங்கமும் சொல்ல மாட்டார். இது உங்கட கடதாசி."

கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். திரும்பும் தவணையில் லோஞ்ச் நிறைய ஆட்கள். ஜெமீல் அரிசி மூட்டைக்காரர் ஒருவரோடு கட்டணத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். யாரும் டிறைவரைக் கவனிக்கவில்லை. இந்தத் தாள் காற்றில் பறந்தால்கூட ஒருவருக்கும் விளங்காது என்று அவன் நினைத்தான். பறக்கவிடவும் நினைத்தான். குடாவின் நடுப்பகுதி வரை அந்த நினைப்பு இருந்தது. சரீப்புக்கு 'ஓம்' சொன்ன வாய்தான் ஸாலிஹாவுக்கும் ஏதாவது சொல்லப்போகிறது என்று தோன்றியபோது, தாளை அங்கேயே விட்டுக் கையைப் பையிலிருந்து எடுத்தான்.

ஸாலிஹா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் நின்றே சொன்னான். போத்தலில் ஒன்றும் இல்லை என்றதிலிருந்து நாற்பத்தேழு நூல் வரை, ஒழுங்காக, டொக்டர் சொன்ன வரிசையில். சரீப்புக்குப் பொய் சொன்னதையும் சொன்னான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கன்னத்திலயா சுரண்டினாங்க?"

"ஓம்."

"நொந்ததா?"

"இல்ல."

"எனக்கு ரெண்டு முற சுரண்டினாங்க. ரெண்டாவது முற மயக்கம் பாதியில தெளிஞ்சிட்டு." அவள் மீனைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். "நான் கடதாசி நம்புறல்ல. ஒன்பது வருசம் எனக்குக் குத்தமில்லையெண்டு கடதாசி தந்தாங்க, ஒருத்தரும் நம்பல்ல. நாளைக்கு நானும் வாறன். டொக்டர் சொல்றத என்ட காதால கேக்கணும்."

மறுநாள் அவள் பெண்கள் பக்கத்தில் இருந்து பிரயாணம் செய்தாள். டொக்டர் ஞானசேகரம் அவளுடைய பழைய கடதாசிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கண்டியிலிருந்து வந்ததை இரண்டு முறை வாசித்தார்.

"தங்கச்சி, உங்களில ஒரு பிழையும் இல்லை," என்றார். "முதல் தரமே இதில எழுதியிருக்கு. இவரை அப்பவே பாத்திருக்க வேணும். பாக்காதது எங்கட ஆக்களின்ர பிழையும்தான்."

"எனக்குப் புள்ள கிடைக்குமா?"

டொக்டர் அபூதாஹிரைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான், சொல்லுங்கள் என்பதுபோல.

"கிடைக்காமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியேல்லை," என்றார் டொக்டர்.

திரும்பி வரும்போது அவள் அழவில்லை. மூதூர் ஜெட்டியில் எல்லோரும் இறங்கிப் போகும் வரை லோஞ்சின் இருக்கைப் பலகையிலேயே இருந்தாள். அபூதாஹிர் கயிற்றைக் கட்டிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"எனக்குப் புள்ள வேணும்," என்றாள்.

"தெரியும்."

"உங்கள வெறுத்துச் சொல்லல்ல."

"அதுவும் தெரியும்."

"கோவமா?"

"நான் பள்ளியில தாள் ஒட்டக்குள்ள நீ கோவிச்சயா?"

"கோவிச்சன்," என்றாள். "மூணு நாள் உங்கட கறிக்கு உப்புப் போடல்ல. நீங்க காணல்ல."

அவன் காணவில்லைதான். அந்த மூன்று நாளும் என்ன சாப்பிட்டான் என்பதே அவனுக்கு நினைவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு அவன், "நாளைக்குச் சனி. காதியார் இருப்பார். தலாக்குக்கு நானே எழுதிக் குடுக்கன்," என்றான். ஒன்பது வருடத்தில் அவளுக்காக அவன் தாமதிக்காமல் செய்ய முன்வந்த காரியம் இது ஒன்றுதான். அதுவும் அவளுக்கு விளங்கியது. அவள் எழுந்து முன்னால் நடந்தாள்.

காதியார் சனிக்கிழமைகளில் தன் வீட்டு முன் விறாந்தையில் வழக்குக் கேட்பார். அன்று பத்துப் பன்னிரண்டு பேர் வாங்குப் பலகைகளில் காத்திருந்தார்கள். தாபரிப்புப் பணம் கேட்டு வந்த பெண்கள், ஒரு மஹர்ப் பணப் பிணக்கு, சாட்சிக்கு வந்தவர்கள். அபூதாஹிரையும் ஸாலிஹாவையும் ஒன்றாகக் கண்டதும் இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல வந்திருப்பதாகக் காதியார் நினைத்தார்.

"நாளையோட முப்பது நாள் முடியுது. பிரச்சின ஒண்டும் வரல்ல," என்றார்.

"அந்த அறிவித்தல நான் திருப்பி எடுக்கன்," என்றான் அபூதாஹிர். "கிண்ணியாக் கலியாணம் இல்ல. சரீப் வீட்ட விடியப் போய்ச் சொல்லிட்டன். இது வேற." கொண்டு வந்த கடதாசியை நீட்டினான்.

காதியார் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சமாதானம் செய்து வைப்பது அவருடைய முதற் கடமை. அதைச் செய்யப் பார்த்தார். ஒன்பது வருடம், நல்ல குடும்பம், கோபத்தில் எடுத்த முடிவாக இருக்கலாம் என்றார். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோபம் ஒன்றுமில்லை என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் பேனாவை எடுத்துப் புத்தகத்தில் எழுதினார்.

"காரணம் எழுதல்லையே," என்றான் அபூதாஹிர்.

"தலாக்குக்குக் காரணம் எழுதுற வழக்கமில்ல. பொம்பளக்கு நாளைக்கு இழுக்கு வந்திரும். அவட நன்மைக்குத்தான்."

"எழுதாட்டித்தான் இழுக்கு. புள்ள இல்லாததால விட்டானெண்டு சொல்லுவாங்க. பொறகு அவள ஆரு முடிப்பாங்க?"

"நீ சொல்றது விளங்குது, மகன். ஆனா புத்தகத்தில அதுக்கு இடமில்ல. நான் எழுத ஏலாது."

ஸாலிஹா, "போதும், விடுங்க," என்றாள் மெதுவாக.

அபூதாஹிர் விடவில்லை. காதியாரிடம் ஒரு நிமிடம் கேட்டான். விறாந்தையின் ஓரத்துக்கு வந்து வாங்குகளைப் பார்த்து நின்றான். லோஞ்ச் புறப்படும் நேரத்தைச் சொல்கிற அதே குரலில், சத்தம் போடாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"நான் லோஞ்ச் டிறைவர் அபூதாஹிர். ஸாலிஹாவ விடுறன். அவக்கு ஒரு குறையும் இல்ல. குறை எனக்கு. பிறவியிலேயே இரிக்கு. எனக்குப் புள்ள கிடைக்காது. கொழும்பில சோதிச்சுப் பாத்து எழுதிரிக்காங்க."

மஹர்ப் பிணக்குக்கு வந்த அப்துல் கரீம், காது கொஞ்சம் மந்தமானவர், கையைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆருக்குக் குறையெண்டாய்?"

"எனக்கு," என்றான் அபூதாஹிர்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு?"

"ஒண்டுமில்ல."

கதவோரத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த உம்மு குல்சும் ஸாலிஹாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குக் கிண்ணியாவில் மூன்று அக்காமார், சம்மாந்துறையில் ஒரு மாமி. இங்கே கேட்டதைச் சூரியன் சாயுமுன் எங்கெல்லாம் கொண்டுபோவாள் என்பது மூதூரில் எல்லோருக்கும் தெரியும். அபூதாஹிர் அவளைப் பார்த்துத்தான் கடைசி வார்த்தையை இரண்டாவது தடவையும் சொன்னான்.

"ஒண்டுமே இல்ல."

பிறகு உள்ளே போய், காதியார் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.